முள் ஆடாத மனிதர்

அன்றைக்குக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தராசுக்காரர் ஒரு பெரிய முடிவு எடுத்துவிட்டார். வாயிலிருந்த நுரையைத் துப்பினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் எறிந்தார். பிறகு வீட்டுக்கு அறிவித்தார்.

"இந்தா பாரும்மா, இன்னையிலேருந்து நான் நல்லவன்."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எத்தனை மணி வரைக்கும்ங்க?"

முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் அறிவித்த முடிவுகள் எத்தனையோ. அதிகாலை நடை, சர்க்கரை இல்லாத டீ, பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போடுவது. எல்லாவற்றுக்கும் அவள் முதலில் கேட்பது இந்த ஒரு கேள்விதான். ஆனால் இந்தத் தடவை மனிதர் சும்மா சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம் எடையுள்ள காரணம்.

தராசுக்காரர் நாற்பது வருடம் அரசாங்கத்தில் தராசு சோதிக்கிற வேலை பார்த்தவர். பெட்டி நிறைய எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். தட்டின் ஓரத்தில் கடைக்காரர் சுண்டுவிரலை வைத்து லேசாக அமுக்கினால், தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "விரலை எடுங்க" என்று அவர் சொன்னால், தராசுப் பக்கமே போகாதவர்கள்கூட விரலை எடுத்துவிடுவார்களாம். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் கை சும்மா இருக்கவில்லை. தராசு ரிப்பேர் என்று யார் கூப்பிட்டாலும் போய்விடுவார்.

அப்படித்தான் போன மாதம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். பச்சைக் குழந்தைகள் பிரிவில் எடை பார்க்கிற தராசு கோளாறாம். போனார், ஸ்பிரிங்கை மாற்றினார், முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். சோதித்துப் பார்க்க எடைக்கல்லை எடுப்பதற்குள் அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ், "கொஞ்சம் பிடிங்க, தட்டைத் துடைச்சிடறேன்" என்று ஒரு குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டாள்.

அரை நிமிடம்தான். அந்தக் குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்காமலேயே ஒரு கொட்டாவி விட்டது. தராசில் வைப்பதற்கு முன்பே அவர் சொன்னார், "ரெண்டு கிலோ நூத்தம்பது." வைத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். அவர் ஆச்சரியப்பட்டது வேறு விஷயத்துக்கு. தன் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தபோது என்ன எடை இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. மாதத்தில் இருபது நாள் வெளியூரில் தராசு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வருவதற்குள் ஒன்று தவழ்ந்தது, ஒன்று நடந்தது. இப்போது மகனும் மகளும் வேறு வேறு ஊர்களில். பேரப்பிள்ளைகள் செல்போனில்.

அந்தப் பிரிவின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தாய்க்கு உடம்பு சரியில்லாமலோ, வேறு காரணத்தாலோ தனியாகக் கிடக்கும் குழந்தைகளைக் கையில் ஏந்தி உட்கார ஆட்கள் தேவை. வாரத்தில் இரண்டு காலை. சம்பளம் கிடையாது. விருப்பமுள்ளவர்கள் குணநலப் படிவம் பூர்த்தி செய்து தரவும்.

அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் போய்ப் படிவத்தை வாங்கி வந்துவிட்டார். அதில் பயமே அந்தக் குணநலம்தான். எடைநலம் என்றால் பயமில்லை. குணத்தை எவனாவது நிறுத்துப் பார்த்தால்?

டீயைக் குடித்து முடித்ததும் சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்தார். அதாவது, மனைவியின் முன்னால் விரித்தார்.

"நான் பதில் சொல்லுவேன். நீ எழுது."

"ஏங்க, உங்க குணம், உங்க கை. நீங்களே எழுதுங்களேன்."

"தப்பு." தராசுக்காரர் விரலை உயர்த்தினார். "எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. முள்ளைப் பார்க்கிறவன் ஒருத்தன், எழுதறவன் ஒருத்தன். பார்க்கிறவனே எழுதினான்னா, மனசுல ஒண்ணு நினைச்சுக்கிட்டு அதையே எழுதிடுவான். அதனால பார்க்கிறவன் ரிஜிஸ்டரத் தொடவே கூடாது. வாயால சொல்லணும். முடிஞ்சதும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்."

"எழுதறவங்க தப்பா எழுதிட்டா?"

"அப்படிச் சந்தேகப்பட்டா அந்த ஆளை எழுத உட்கார வைக்கவே கூடாது. நாற்பது வருஷத்துல நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்ல."

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். எந்தக் காரியத்துக்கு முன்னாலும் ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அது இரண்டு நொடி ஆனது.

"முதல் கேள்வி. 'எனக்கு எளிதில் கோபம் வராது.' ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு."

"ஆம்."

அவள் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிற? எழுது."

"முந்தாநாள் டூத்பேஸ்ட் மூடியைக் காணோம்னு வீட்டையே இரண்டாக்கினீங்களே, அது யாருங்க?"

"அது கோபமில்ல. சத்தம்."

"சரிங்க." எழுதினாள். "ரெண்டாவது. 'என் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.'"

"ஆம்."

"போன மாசம் எங்க அக்கா போன் பண்ணினப்போ குளிக்கிறீங்கன்னு சொல்லச் சொன்னீங்க. ஒன்றரை மணி நேரம் குளிச்சீங்க. இதே நாற்காலியில உட்கார்ந்துகிட்டு."

"அதை நானா சொன்னேன்? நீதானே சொன்ன? உன் கணக்குல எழுதிக்க."

"சரிங்க. 'எனக்குப் பிடிக்காதவர் என்று உலகத்தில் யாரும் இல்லை.'"

"ஆம்."

"மாடி வீட்டு டிரம் மாஸ்டர்?"

"யாரு, அந்தத் தகர டப்பா..." தராசுக்காரர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். இன்றைக்கு நல்லவன் ஆன நாள். "நல்ல மனுஷன். பாவம், அவர் அடிக்கிறது அவருக்கே கேட்காது போலிருக்கு. நமக்கு மட்டும்தான் கேட்குது. போடு, ஆம்."

"'பிறர் உயர்வைக் கண்டு ஒருபோதும் பொறாமைப்பட்டதில்லை.'"

"ஆம், ஆம்."

"உங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் ரிட்டையரானப்போ குடுத்த சுவர்க்கடிகாரம் உங்களுக்குக் குடுத்ததைவிடப் பெரிசுன்னு அவங்க வீட்டுக்கே டேப் எடுத்துட்டுப் போய் அளந்தீங்களேங்க."

"அளக்கிறது என் தொழில்!" என்று மேஜையைத் தட்டினார். டீ டம்ளர் குதித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதறவங்க அளவு சொல்றவங்களோட வாதாடக் கூடாது. அதுவும் முறையிலே உண்டு" என்றார்.

"இனிமே வாயைத் திறக்கல." அவள் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "'கையில் இருக்கும் குழந்தை நெடுநேரம் அழுதால் எனக்கு எரிச்சல் வராது.'"

தராசுக்காரர் டீ டம்ளரை எடுத்து, காலி என்று பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும். பெரியவன் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் பூராவும் விடாமல் அழுதான். ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவர், அரை மணி நேரம் தோளில் போட்டு நடந்தார். பிறகு, "என்னால முடியலடி, நீ வாங்கிக்க" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். முப்பத்து நாலு வருடமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் சொல்லிக் காட்டியதில்லை.

"ஆம்னு போடு," என்றார் மெதுவாக. "வராதுன்னு போடு. அது ஒண்ணைத்தான் அவங்க பார்ப்பாங்க."

அவள் குனிந்து எழுதினாள். அவர் முறைப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் கேள்விகள் மளமளவென்று ஓடின. யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை, ஆம். செய்த தவறை உடனே ஒப்புக்கொள்வேன், ஆம். எப்போதும் எல்லோரிடமும் மரியாதையாக நடப்பேன், ஆமாம் சொல்லித் தொலை. கடைசிப் பக்கம் வந்ததும் மனைவி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, படிவத்தைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"'இரவல் வாங்கிய பொருளைத் தாமதிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.'"

"ஆம்."

"'பயன்படுத்திய பொருளை அதற்குரிய இடத்தில் வைப்பேன்.'"

"ஆம்."

"'உறவினர்கள் பேசும்போது பாதியில் எழுந்து போகமாட்டேன்.'"

"ஆம்."

"'உடம்புக்கு ஒன்றென்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுவேன்.'"

"இதெல்லாம் எதுக்குக் கேட்கறாங்க?"

"கைக்குழந்தைங்க இருக்கிற இடமில்லையா?"

"அதுவும் சரிதான். ஆம்."

"'உடன் வாழ்பவர் செய்யும் வேலையை வாய் திறந்து பாராட்டுவேன்.'"

"ஆம். அப்பாடா, எத்தனை கேள்வி! நாற்பதைத் தாண்டியிருக்கும் போலிருக்கே."

"முடிஞ்சதுங்க. 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதவும்'னு கீழே நாலு கோடு விட்டிருக்காங்க."

"ஒன்றுமில்லைன்னு எழுது."

அவள் எழுதினாள். எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள்.

"ஒன்றுமில்லைங்கிறதுக்கு இவ்வளவு நேரமா?"

"அழகா எழுதறேங்க."

தராசுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் உறையில் போட்டு ஒட்டினாள். அன்றைக்கே அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நேரில் வரச் சொன்ன தேதியையும் வாங்கி வந்தார். சரியாக ஒரு வாரம் இருந்தது.

அந்த ஒரு வாரத்தை என்னவென்று சொல்வது!

மறுநாள் காலையில் டீயை வைக்கும்போது மனைவி சொன்னாள். "ஏங்க, பெயின்டர் தம்பியோட ஏணி பின்பக்கம் கிடக்குது பாருங்க."

"கிடக்கட்டும். அது பாட்டுக்குக் கிடக்குது."

"கிடக்கட்டும்ங்க. எனக்கென்ன. இரவல் பொருளைத் தாமதிக்காமக் குடுப்பேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேன்னு நினைச்சேன்."

டம்ளர் உதட்டுக்கு வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. அவள் அடித்தது சரியான இடத்தில். நாற்பது வருடத்தில் தராசுக்காரர் எவ்வளவோ கத்தியிருக்கிறார், எவ்வளவோ அலட்டியிருக்கிறார். ஆனால் பொய் அளவுக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கர்வம் ஒன்றுதான் அவருடைய மாளிகை, தோட்டம் துரவு எல்லாம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இனிமேல் எழுதினதை மாற்ற முடியாது. ஆளைத்தான் மாற்ற வேண்டும்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். பெயின்டர் வாசலில் இரண்டு ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் நின்று வாசல் நிலைக்கு மேலே வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் ஏணி."

பெயின்டர் இறங்கி வந்து ஏணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சார், இது உயிரோடதான் இருந்ததா? மூணு வருஷம் ஆச்சே! நான் அழுது முடிச்சு, துக்கமும் ஆறிடுச்சே சார்!"

"ஒரு பல்பு மாத்திட்டுத் தரேன்னு சொன்னேன். பல்பு மாத்தக் கொஞ்சம் நேரமாயிடுச்சு."

சாயங்காலம் மனைவியின் அக்கா போன் பண்ணினாள். முழங்கால் ஆபரேஷன் கதை. தராசுக்காரர் வழக்கம்போலக் குளிக்கக் கிளம்பினார். மனைவியோ பேனா பிடிப்பதுபோல மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டினாள். அவ்வளவுதான். மனிதர் திரும்ப உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு நிமிடம். மயக்க மருந்து கொடுத்த டாக்டரின் சட்டை நிறம்வரை கேட்டார். கடைசியில் அக்கா தழுதழுத்துவிட்டாள். "தம்பி, முப்பத்தாறு வருஷத்துல நீங்க என் பேச்சை முழுசா கேட்டது இன்னைக்குத்தான். உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

ஸ்க்ரூடிரைவர்கள் சாப்பாட்டு மேஜையை விட்டுப் பெட்டிக்குக் குடிபோயின. ஈரத் துண்டு கொடிக்குப் போனது. மூன்றாம் நாள் சாப்பிட்டு எழும்போது நடுக்கூடத்தில் நின்று, பரிசளிப்பு விழாவில் பேசுகிறவர் மாதிரி, "இன்றைய சமையல் மிகவும் நன்றாக இருந்தது" என்றார்.

"இன்னைக்கு நான் சமைக்கலங்க. நேத்து மிச்சம்."

"நேற்றைக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

நாலாம் நாள் அவள் அவருடைய நல்ல சட்டையை எடுத்து வைத்தாள். ஒரு வருடமாகக் காலையில் படுக்கையை விட்டு எழும்போது அவருக்குத் தலை சுற்றும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வாங்க, காட்டிட்டு வந்திடலாம்" என்று அவள் கெஞ்சாத நாள் இல்லை. "எழுந்ததும் எல்லாருக்கும்தான் சுத்தும். பூமியே சுத்துது" என்பார். அன்றைக்கு அவளும் கெஞ்சவில்லை, அவரும் பூமியை இழுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனார்.

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். தராசுக்காரர் கண் மீட்டரிலேயே இருந்தது.

"டாக்டர், இந்த முள் ரொம்ப மேலே நிக்குது. உங்க மிஷினைச் சோதிக்கணும். நான் வேணா பார்த்துத் தரட்டுமா?"

"மிஷின் சரியாத்தான் இருக்கு சார். அது உங்க பிரஷர். ஒரு வருஷமா தலை சுத்துதுங்கறீங்களே, யார்கிட்ட சொன்னீங்க?"

"வீட்டுல."

"வீட்டுல டாக்டர் இருக்காங்களா?"

தராசுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வரும் வழியில் ரோட்டைக் கடக்கும்போது அவர் முழங்கையைப் பிடித்தவள், கடந்த பிறகும் விடவில்லை.

ஒரு வாரம் முடிந்தது. துவைத்துப் பெட்டி போட்ட சட்டையோடு தராசுக்காரர் தலைமை நர்ஸின் எதிரே போய் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தொட்டில்கள். ஓரத் தொட்டிலிலிருந்து ஒரு சின்னக் கால் மட்டும் மேலே வந்து, ஒரு உதை விட்டுவிட்டு, இறங்கியது.

மேஜையின்மேல் ஒரு கட்டுப் படிவம். நர்ஸ் அந்தக் கட்டைத் தட்டினாள்.

"சார், இதுல பதினெட்டு பேர் இருக்காங்க. பதினெட்டும் தெய்வங்க."

"அப்படியா!" என்றார் தராசுக்காரர். பதினெட்டுத் தெய்வத்துக்கு நடுவில் தன் தெய்வம் எத்தனையாவது வரிசையோ!

"கோபமே வராதாம். பொய்யே சொன்னதில்லையாம். இவ்வளவு பெரிய உலகத்துல பிடிக்காத ஆளே இல்லையாம். நாங்க கேட்கறது நாற்பது கேள்வி. அதுல பத்துக் கேள்வி குணத்தைத் தெரிஞ்சுக்க இல்ல. பதில் சொல்றவங்க தங்களுக்குத் தாங்களே எவ்வளவு வெள்ளையடிச்சுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க. யாராவது ஒருத்தர் பத்துக்கும் நல்லவனாவே பதில் சொன்னா, மிச்ச முப்பதை நான் எப்படி நம்பறது?"

தராசுக்காரருக்குத் தெரியாத பாடமா அது? வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தானிய மண்டிக்குப் போனார். கால் கிலோ வைத்தாலும் சரி, இருபது கிலோ வைத்தாலும் சரி, முள் ஆடாமல் போய் நின்றது, ஒரு மயிரிழைப் பிசகு இல்லை. கூட இருந்தவர்கள் எல்லாம் சபாஷ் சொன்னார்கள். இவர் மட்டும் தராசைப் பிரித்தார். ஏனென்றால் நல்ல தராசின் முள் கொஞ்சம் ஆடித்தான் நிற்கும். ஆடவே ஆடாமல் நின்றால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! வீட்டிலும் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனைவிக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்.

"சிஸ்டர்," என்றார் எழுந்துகொண்டே. "பத்தொன்பதாவது ஆளும் அப்படித்தான். மன்னிச்சிடுங்க. எனக்குக் கோபம் வரும். பொய்யும் சொல்லுவேன். எழுதினதை நம்பாதீங்க. நான் வரேன்."

"எங்கே போறீங்க? உட்காருங்க சார். அதைத்தானே எழுதியிருக்கீங்க?"

"எதை?"

நர்ஸ் அந்தக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தனியாக இருந்த ஒரு படிவத்தை எடுத்தாள். "'எனக்கு எளிதில் கோபம் வராது', இல்லைன்னு போட்டிருக்கு. 'ஒரு பொய்கூடச் சொன்னதில்லை', இல்லை. 'பொறாமைப்பட்டதில்லை', இல்லை. பக்கத்துல பொடி எழுத்துல 'சுவர்க்கடிகாரம்'னு வேற எழுதியிருக்கு. படிச்சிட்டு நாங்க எல்லாரும் சிரிச்சோம். குழந்தை அழுதா எரிச்சல் வராதுங்கிறதுக்கும் இல்லைதான். அப்புறம் கீழே இந்த நாலு வரி. இதுக்காகத்தான் உங்க படிவத்தைத் தனியா எடுத்து வெச்சேன்."

அவள் படித்தாள்.

"'குழந்தை விடாமல் அழுதால் தாங்கமாட்டார். அப்போது பத்திரமாக அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போவார். பத்து நிமிடத்தில் தானே இறங்கி வந்து, குடு என்று கையை நீட்டுவார். குரல்தான் உயரும், கை ஒரு நாளும் உயர்ந்ததில்லை.'"

திரும்பி வந்து கையை நீட்டியது தராசுக்காரருக்கே மறந்து போயிருந்தது. ஓடிப்போனது மட்டும்தான் இத்தனை வருடமும் ஞாபகம் இருந்தது.

"சார், எரிச்சலே வராதுன்னு சொல்றவங்க கையில குழந்தையைக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு. எரிச்சல் வந்தா கீழே வெச்சிட்டு என்னைக் கூப்பிடுவேன்னு சொல்ற ஆள்தான் வேணும். ஒரே ஒரு சந்தேகம். உங்களைப் பத்தி நீங்களே 'போவார், வருவார்'னு இவ்வளவு மரியாதையா எழுதியிருக்கீங்களே?"

தராசுக்காரர் மேஜையின் விளிம்பைப் பார்த்தார். "எங்க தொழில் முறை சிஸ்டர். பார்க்கிறவன் எழுதக் கூடாது."

படிவத்தை வாங்கி, நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, தான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிப் பார்த்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசிப் பக்கம். பிறகு மறுபடி முதலிலிருந்து.

"சிஸ்டர், இதுல ஒரு தாள் குறையுதோ?"

"இல்லையே."

"இரவல் வாங்கின பொருளைத் திருப்பிக் குடுக்கிறதைப் பத்தி ஒரு கேள்வி இருந்ததே."

"எங்களுக்கு எதுக்கு சார் அது?"

"டாக்டர்கிட்ட காட்டறது? உறவினர் பேச்சைக் கேட்கிறது? ஐம்பத்திரண்டு நிமிஷம் சிஸ்டர்!"

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தராசுக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏணி, துண்டு, ஸ்க்ரூடிரைவர், நேற்றைய மிச்சத்துக்கு வாசித்த பாராட்டுரை, கையில் சுற்றின பட்டை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் நடந்து போயின. ஆஸ்பத்திரி கேட்காத கேள்விக்கெல்லாம் ஆம் சொல்லி, ஆளும் மாறியாகிவிட்டது. மாத்திரையும் தின்றாகிவிட்டது.

"இன்னும் ஒண்ணு சார்," என்றாள் நர்ஸ். "இந்த நாற்பதாவது பதில்தான் எனக்கு உதைக்குது. மத்ததுல எல்லாம் உள்ளதை உள்ளபடி போட்டவங்க, 'என்னோடு வாழ்வது எளிது'ங்கிறதுக்கு மட்டும் ஆம்னு போட்டிருக்கீங்க. அது நிஜமா சார்?"

தராசுக்காரர் அந்த வரியைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை மனைவி அவரிடம் கேட்கவே இல்லை. அந்த ஆம் என்ற சொல்லைச் சுற்றி மட்டும் மசி கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, பேனா அங்கே சிறிது நேரம் நின்றதுபோல.

"எனக்குத் தெரியல சிஸ்டர். வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், அந்த உதைக்கிற காலுக்குச் சொந்தக்காரனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். ஒரு மணி நேரம் தராசுக்காரர் அசையவில்லை. இரண்டு கிலோ நானூற்றுப் பத்து. மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஏணி இருந்த இடத்தில் இப்போது இரண்டு கொடி கட்டியிருந்தாள். தராசுக்காரர் மிகவும் கறாராக இருப்பது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் வரச் சொல்லிட்டாங்க," என்று ஆரம்பித்தார்.

அவள் ஈரத் துணியோடு நின்று ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்தபோது கண் நனைந்திருந்தது. கறாரில் பாதி அங்கேயே போய்விட்டது.

"ஆனா நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணு. நாற்பது வருஷத்து முறையை ஒரு காலையில கெடுத்திட்டியே!"

"நான் எங்கே கெடுத்தேன்? முள் எங்கே நிக்குதோ அதைத்தானே எழுதணும்? நீங்க வாயால என்னவோ சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் முள்ளைப் பார்த்து எழுதினேன்."

"அந்த ஏணிக் கேள்வி?"

"துணி காய இடம் இல்லீங்க."

"அந்த டாக்டர் கேள்வி?"

அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அவரோ தன்னிடம் இருந்த கடைசி எடைக்கல்லை எடுத்து வைத்தார்.

"சரி, அதெல்லாம் போகட்டும். நாற்பதாவது கேள்வியை ஏன் என்கிட்ட கேட்கல? என்னோட வாழ்றது எளிதுன்னு நீயா ஆம் போட்டிருக்க. அதுவும் முள்ளைப் பார்த்துத்தான் எழுதினியா?"

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

"அது ரொம்ப நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருந்ததுங்க. நான்தான் லேசா விரலை வெச்சேன்."